தனிப்படகில் நெடுந்தீவு: குறிகட்டுவானிலிருந்து கடல் கடந்து, சுற்றிப் பார்த்து, வெளிச்சத்தோடு கரை திரும்ப ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத் தீவகத்தின் ஏழு தீவுகளுள் குடாநாட்டிலிருந்து மிகத் தொலைவில், தென்மேற்கே தனித்துக் கிடப்பது நெடுந்தீவு. ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டியபோது இதற்கு டெல்ஃப்ட் என்று பெயரிட்டார்கள். ஆங்கில வரைபடங்களில் இன்றும் அந்தப் பெயரைத்தான் காணலாம். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் தாம்போதி (கடலின் குறுக்கே மேடாக அமைத்த சாலை) வழியாக வாகனத்திலேயே போய்விட முடியும். நெடுந்தீவுக்கு அந்த வசதி இல்லை. புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி, இருபுறமும் மறைப்பில்லாத திறந்த கடலைத் தாண்டி, தீவின் மாவலி இறங்குதுறையில்தான் கால் வைக்க வேண்டும்.

பொதுப் படகுகள் இருக்கின்றன. குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்னும் பெயர்கள் தீவு மக்களின் அன்றாடப் பேச்சில் புழங்குபவை. அவை ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் கொண்டு சேர்க்கும். தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு அவையே போதும் என்பது என் கருத்து. ஆனால் நாலைந்து பேர் சேர்ந்து, விடியற்காலையில் புறப்பட்டு, தீவின் தென்முனை வரை ஆறுதலாகப் பார்த்து, தங்கள் நேரத்துக்குத் திரும்ப விரும்பினால், ஓட்டியோடு ஒரு படகை வாடகைக்கு அமர்த்துவதே வழி. அப்படிப் போகும்போது, பொதுப் படகில் பிறர் உங்களுக்காகப் பார்த்துக்கொள்ளும் காரியங்கள் பலவும் உங்கள் பொறுப்பாகிவிடுகின்றன. இந்த வழிகாட்டி அவற்றைப் பற்றியது.

முதலில் திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானோர் புறப்படும் நேரத்தை வைத்தே பயணத்தைத் திட்டமிடுகிறார்கள். நெடுந்தீவுப் பயணத்தைத் தலைகீழாகத் திட்டமிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் சூரியன் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டியே மறைகிறது; மறைந்த அரை மணித்தியாலத்துக்குள் கடல் இருண்டுவிடும். இயந்திரம் ஒருமுறை நின்று போவதற்கும், அதைச் சரிசெய்வதற்கும், அதுவும் இயலாவிட்டால் இன்னொரு படகு வந்து கட்டியிழுப்பதற்கும் போதிய வெளிச்சம் மிஞ்ச வேண்டுமானால், மாவலித் துறையை விட்டுப் பிற்பகல் இரண்டரை மணிக்குள் வெளிக்கிட வேண்டும். பிற்பகலில் கடற்காற்று வலுக்கும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டரை மணியிலிருந்து பின்னோக்கி எண்ணினால், தீவில் ஆறேழு மணித்தியாலம் கிடைப்பதற்குக் காலை ஆறரை மணிக்குக் குறிகட்டுவானில் இயந்திரம் இயங்கியிருக்க வேண்டும். அதற்கு ஐந்து மணிக்கே யாழ்ப்பாண நகரிலிருந்து கிளம்பி, பண்ணைத் தாம்போதி, வேலணை, புங்குடுதீவு வழியாக வந்து சேர வேண்டும். 776ஆம் இலக்கப் பேருந்தும் குறிகட்டுவானுக்கு வருகிறது; ஆனால் இவ்வளவு வேளைக்குத் துறையில் நிற்பதற்குச் சொந்த வாகனமோ வாடகை வாகனமோ தான் நம்பிக்கையானது.

காற்றும் கடலும்

பாக்குநீரிணை ஆழமற்ற கடல். பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீற்றர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். தீவுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளில் அதைவிடவும் குறைவு. ஆழம் குறைந்த கடல் சாதுவானது என்று நினைப்பது தவறு. ஆழ்கடலில் அலை நீண்டு, மெதுவாக எழுந்து தாழும். இங்கே அதே காற்று குறுகிய, செங்குத்தான, அடுத்தடுத்து வரும் அலைகளை எழுப்பும். ஒன்றிலிருந்து படகு இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது படகின் முன்முனையான முன்னணியத்தில் மோதும். காற்று எழுந்த ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே கடலின் முகம் மாறிவிடுவதும் இதனால்தான். ஆயினும் இதே ஆழமின்மைதான் இயந்திரம் நின்றால் உங்களைக் காப்பாற்றப் போவதும். அதைப் பின்னர் சொல்கிறேன்.

பருவங்களைத் தீவக மக்கள் காற்றின் பெயரால் அறிவார்கள். மே மாதம் முதல் செப்ரெம்பர் வரை வீசும் சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவும் தென்மேற்கே இருப்பதால், போகும்போது காற்றை எதிர்த்தும், வரும்போது காற்றோடும் ஓட வேண்டும். ஒக்ரோபரில் மழை தொடங்கிய பின் வருவது வாடை, வடகிழக்கிலிருந்து வீசும். வாடைக் காலத்தில் இது அப்படியே மாறிவிடுகிறது: காலையில் காற்றே தள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கும்; களைத்துத் திரும்பும் பிற்பகலில் அதே காற்றை முகத்தில் வாங்க வேண்டும். புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். போன பயணம் சுகமாக இருந்தது என்பது வரும் பயணத்துக்கு எந்த உறுதியும் தருவதில்லை. மேலும், மாவலித் துறை தீவின் வடகிழக்குப் பக்கம் பார்த்திருப்பதால், சோளகத்தில் தீவே அதற்கு மறைப்பாகிறது. வாடையில் அலை நேரே துறையில் வந்து அடிக்கும், ஏறுவதும் இறங்குவதும் சிரமமாகும்.

இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட பெப்ரவரி பிற்பகுதி முதல் ஏப்பிரல் வரையிலான காலமே முதன்முறை போகிறவர்களுக்கு ஏற்றது. ஏப்பிரலில் பிற்பகல் இடிமழை வரக்கூடும். வானம் தெற்கிலோ மேற்கிலோ கறுத்துத் திரண்டால் தீவிலேயே இருந்துவிடுங்கள். நவெம்பர், டிசெம்பர் மாதங்களில் வங்கக் கடலில் தாழமுக்கம் பற்றிய எச்சரிக்கை எங்கே இருந்தாலும் பயணத்தை ஒத்திப்போடுங்கள்.

வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பகுதிகளுக்கெனத் தனியே முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதில் நீங்கள் தேட வேண்டியது, புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பைப் பற்றிய வரி. காற்று மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றருக்கு உட்பட்டதாக இருந்தால் சிறு படகில் போகலாம். 30ஐ எட்டுமென்றால் பொதுப் படகைப் பாருங்கள். 40 என்று எழுதியிருந்தால் அன்று யாழ்ப்பாணத்திலேயே கோட்டையைப் பார்த்துவிட்டு வரலாம். இந்த எல்லைகள் என் அனுபவக் கணக்கு. ஓட்டி இதைவிடக் குறைவான காற்றிலேயே மறுத்தால் அவர் சொல்லே முடிவு. மறுத்த ஓட்டியிடம் கூடுதல் காசு பேசிப் புறப்பட வைப்பது இந்தக் கடலில் செய்யக்கூடிய ஆகப் பெரிய மடைமை.

பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் நீர்மட்ட ஏற்ற இறக்கம் கூடும். இங்கே அது ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனாலும் முருகைக்கல் (பவளப்பாறை) மேடுகள் நிறைந்த கரையோரத்தில் அரை மீற்றர் வற்றினாலே இயந்திரத்தின் சுழலி கல்லில் தட்டும்.

படகையும் ஓட்டியையும் தெரிவு செய்தல்

வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பின்புறத்தில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள். முதல் நாள் மாலையே துறைக்குப் போய்ப் படகைக் கண்ணால் பார்த்து, ஓட்டியோடு நேரில் பேசுங்கள். வாடகையில் எரிபொருள் அடங்குமா, பகல் முழுவதும் தீவில் காத்து நிற்பாரா, அல்லது உங்களை இறக்கிவிட்டுத் தொழிலுக்குப் போய்த் திரும்ப வருவாரா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். காத்து நிற்கும் ஓட்டியையே நான் விரும்புவேன். காசு கூடினாலும் பரவாயில்லை. ஒருமுறை நான் அமர்த்திய ஓட்டி, வாடகை பேசி முடியும் முன்பே, “தம்பி, மூண்டு மணிக்கு மேலை நான் துறையிலை நிக்கமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்” என்றார். அப்போது அது கறாராகத் தோன்றியது. அப்படிச் சொல்லும் ஓட்டியைத்தான் இப்போது தேடுகிறேன்.

படகில் பார்க்க வேண்டியவை சில உண்டு. உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று இருக்க வேண்டும். அதன் பட்டிகளை இழுத்துப் பாருங்கள், கொளுவிகளைப் பூட்டிப் பாருங்கள். வெயிலில் கிடந்து கொளுவி உடைந்த அங்கி இருக்கைக்கு மெத்தையாகத்தான் உதவும். பிள்ளைகள் வந்தால் அவர்களின் அளவில் தனி அங்கி வேண்டும்; பெரியவர் அங்கிக்குள் பிள்ளையின் உடல் நழுவிவிடும். நீர் இறைக்கும் வாளி ஒன்று கயிற்றால் படகோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். துடுப்போ மரக்கோலோ ஒன்று வேண்டும். நங்கூரத்தைக் கேட்டு, அதன் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நங்கூரம் பிடிக்க ஆழத்தைப் போல ஐந்து மடங்கு நீளக் கயிறு தேவை. இந்தக் கடலுக்கு ஐம்பது மீற்றர் இருந்தால் எங்கும் போதும்.

எரிபொருளை மூன்று பங்காகக் கணக்கிடுங்கள்: போக ஒன்று, வர ஒன்று, கையிருப்பாக ஒன்று. 25 குதிரைவலு இயந்திரம் முழு வேகத்தில் ஓடினால் மணித்தியாலத்துக்குப் பத்து லீற்றர் அளவில் குடிக்கும். ஒரு வழிக்கு முக்கால் மணித்தியாலம் என்று வைத்தால் ஏழெட்டு லீற்றர். ஆகவே 24 லீற்றர் தாங்கி ஒன்று நிறைய இருப்பதுதான் குறைந்த அளவு. “வரும்போது நெடுந்தீவில் வாங்கலாம்” என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

படகின் நீளம் பத்தொன்பது இருபது அடி என்றால், ஓட்டியோடு சேர்த்து ஆறு பேரே அளவு என்பேன். எல்லோரும் ஏறி அமர்ந்த பின் படகின் விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஒரு முழம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒருவரோ ஒரு மூட்டையோ இறங்க வேண்டும்.

புறப்படும் காலையில்

தேசிய அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு கையோடு இருக்கட்டும். துறையில் கேட்கப்படும் விபரங்களை முழுமையாகக் கொடுங்கள். யார் யார் எந்தப் படகில் போனார்கள் என்பது கரையில் பதிவாகியிருப்பது உங்களுக்கே நல்லது. அதற்கு மேலாக, கரையில் நிற்கும் ஒருவரிடம், உறவினராகவோ தங்குமிடக்காரராகவோ இருக்கலாம், படகின் இலக்கத்தையும், ஓட்டியின் தொலைபேசி எண்ணையும், திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். நான்கு மணிக்குள் உங்களிடமிருந்து அழைப்பு வராவிட்டால் அவர் 119க்கு அழைக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும்.

தொலைபேசியையும் காசையும் இரட்டை நெகிழிப் பையில் கட்டி உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் குடிநீர் கொண்டுபோங்கள். நெடுந்தீவில் நன்னீர் அருமை. தொப்பி, நீளக் கைச் சட்டை, கல்லில் நடக்கத்தக்க செருப்பு இவை போதும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதற்கான குளிசையைப் படகேறுவதற்கு முக்கால் மணித்தியாலம் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பின் போடுவதில் பயனில்லை. வெறும் வயிறும் கூடாது, பிட்டும் சம்பலும் வயிறு முட்டவும் கூடாது. இரண்டு வாழைப்பழமும் தேநீரும் அளவு.

கடலைக் கடத்தல்

பாரமானவர்கள் நடுவிலும் சற்றுப் பின்னும் அமருங்கள். முன்னணியம் அலையில் ஆகக் கூடுதலாகத் தூக்கி அடிக்கும் இடம். படம் எடுக்கும் ஆசையில் அங்கே போய் இருப்பவரின் முதுகெலும்புதான் அடி வாங்கும். இயந்திரம் இயங்கியதும் அதன் பின்பக்கத்துச் சிறு துளையிலிருந்து நூல் போல நீர் பாய்கிறதா என்று பாருங்கள். அது குளிர்நீர் ஓடுவதற்கு அடையாளம். நின்றால் இயந்திரம் சூடேறுகிறது என்று பொருள்.

துறையை விட்டதும் வலப்பக்கம் நயினாதீவு, நாகபூசணி அம்மன் கோயில் கோபுரத்தோடு தெரியும். அது பின்னால் நகர்ந்த பிறகுதான் திறந்த கடல் தொடங்குகிறது. நெடுந்தீவு தட்டையான தீவு. முதலில் கரை தெரியாது, பனைகளின் தலைகள் மட்டும் நீருக்கு மேல் ஒரு கோடாகத் தெரியும். எதிரே அலை வந்தால் நேருக்கு நேர் மோதாமல் சற்றுச் சரிவாக, வேகம் குறைத்து ஏற வேண்டும். பின்னாலிருந்து அலை வந்தால், படகு அலையின் முதுகில் இருக்குமாறு வேகத்தைச் சீராக்க வேண்டும். அலைமுகத்தில் சறுக்கி இறங்கவிட்டால் பின்புறம் பக்கவாட்டில் திரும்பிப் படகு கவிழ வாய்ப்புண்டு. இதையெல்லாம் ஓட்டி அறிவார். நீங்கள் அறிந்திருக்க வேண்டியது, அவர் வேகத்தைக் குறைக்கும்போது “ஏன் மெதுவாகப் போகிறோம்” என்று கேட்கக் கூடாது என்பதுதான்.

கரையை அண்டிய பகுதிகளில் மீன்பிடிக்க நட்ட சிறகுவலைத் தடிகளும் மிதவைகளும் இருக்கும். இன்னொரு தொல்லை சாதாழை என்னும் கடற்புல். ஒரு பங்குனி மாதத்தில், திரும்பும் வழியில், இரண்டு கரைக்கும் நடுவே எங்கள் இயந்திரம் சத்தம் மாறி நின்றது. ஓட்டி அதைச் சாய்த்துத் தூக்கினார். கரும்பச்சை நாடா போன்ற சாதாழை சுழலியில் முறுகிக் கிடந்தது. அதை உருவியதும் உள்ளே ஒரு முழ நீளத்தில் அறுந்த நைலோன் வலைத்துண்டு, சுழலியின் தண்டில் இறுக்கி உருகியது போல ஒட்டியிருந்தது. கத்தி தேட வேண்டியிருந்தது. என் பையிலிருந்த மாம்பழக் கத்தியால் அவர் அதை இழை இழையாக அறுத்து எடுப்பதற்குப் பத்து நிமிடம் போனது. அந்தப் பத்து நிமிடத்தில் நேர் முன்னே இருந்த நயினாதீவுக் கோபுரம் எங்கள் வலப்பக்கத்துக்கு வந்துவிட்டது. படகு அவ்வளவு ஒதுங்கியிருந்தது. நங்கூரம் இருந்தது, ஆனால் அதில் மூன்று பாகம் (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்) கயிறுதான் இருந்தது, அடியைத் தொடவேயில்லை. நங்கூரக் கயிற்றை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள் என்று மேலே எழுதியதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே இயந்திரம் நின்றால் முதல் வேலை அதைத் திறந்து பார்ப்பதன்று, நங்கூரத்தை இறக்குவது. ஆழமில்லாத கடல் என்பதால் எங்கே இறக்கினாலும் பிடிக்கும், படகும் அலைக்கு முகம் கொடுத்து நிற்கும். வாடைக் காலத்தில் இது இன்னும் முக்கியம். அந்தக் காற்று உங்களைத் தென்மேற்கே, நெடுந்தீவையும் தாண்டிக் கச்சதீவுப் பக்கமாகத் தள்ளும், அதற்கப்பால் 1974இல் வரையப்பட்ட இந்திய இலங்கைக் கடல் எல்லை. சோளகத்தில் ஒதுங்கினால் தீவகத்தின் ஏதாவதொரு கரையில் போய்த் தட்டுவீர்கள். நங்கூரமிட்ட பின் ஆட்களை எண்ணி, அங்கிகளை இறுக்கி, பிறகு இயந்திரத்தைப் பாருங்கள். படகில் நீர் புகுந்தாலும், கவிழ்ந்தாலுங்கூட, படகை விட்டு நீந்தாதீர்கள். கண்ணாடியிழைப் படகு பெரும்பாலும் மிதந்துகொண்டே இருக்கும், தேடி வருபவர்களின் கண்ணில் படுவதும் அதுதான்.

தீவில்

மாவலித் துறையில் இறங்கியதும் ஒரு நினைவுத் தூபி உண்டு. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புங்குடுதீவுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதை நினைவுகூர்வது அது. நீங்கள் கடந்து வந்த அதே நீர்ப்பரப்பு. சற்று நின்றுவிட்டுப் போங்கள்.

தீவின் பரப்பு ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீற்றர். நடந்து முடியாது. துறையிலேயே ஓட்டோக்களும், பட்டா என்று இங்கே சொல்லப்படும் சிறு பார ஊர்திகளும் நிற்கும். ஐந்து பேருக்குப் பட்டா வசதி. வண்டிக்காரரிடம் இரண்டு மணிக்குத் துறையில் விட வேண்டும் என்று முதலிலேயே சொல்லி, மதியச் சாப்பாட்டையும் அவர் மூலமாகவே காலையில் சொல்லிவைத்துவிடுங்கள். சொல்லாமல் போனால் கடையில் பணிசும் சோடாவுமே மிஞ்சக்கூடும்.

தூரத்தில் உள்ளதை முதலில் பாருங்கள். குவிந்தா கோபுரம் என்று ஊரவர் சொல்லும் பழைய கலங்கரைக் கோபுரம் தீவின் தென்புறத்தில் இருக்கிறது. வெயில் ஏறுமுன் அங்கே போய்விட வேண்டும். போகும் வழியெல்லாம் புல்வெளியில் மட்டக்குதிரைகள் மேயும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து விட்ட குதிரைகளின் வழி வந்தவை என்று கருதப்படுபவை இவை. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வறட்சிக் காலத்தில் குதிரைகள் தண்ணீருக்கு அலையும். மனம் இரங்கிப் பிஸ்கற்றை நீட்டாதீர்கள், கிட்டப் போய்த் துரத்திப் படமெடுக்காதீர்கள்.

அங்கிருந்து மேற்குக் கரையில் வெடியரசன் கோட்டை என்று வழங்கும் இடிபாடு, பிறகு பாவோபாப் எனப்படும் பெருக்குமரம். ஆபிரிக்க மரமான இதை அராபிய வணிகர் கொண்டுவந்திருக்கலாம் என்பார்கள். அடிமரத்தில் ஒரு பொந்து. குனிந்து நுழைந்தால் உள்ளே குளிர்ச்சி. பட்டையில் பெயர் செதுக்கியவர்களின் வரிசை நீளமானது, நீங்கள் சேர வேண்டாம். கடைசியாக, துறைக்குத் திரும்பும் வழியில், முருகைக்கல்லால் கட்டிய கோட்டையின் எச்சமும், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து வைப்பவை வேலிகள்தாம். குடாநாட்டில் கிடுகும் பனையோலையும் கட்டும் இடத்தில், இங்கே முருகைக்கல்லைச் சாந்தே இல்லாமல் அடுக்கி மதில் எழுப்பியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் மூளை மடிப்பு, நட்சத்திரப் புள்ளி என்று பவளத்தின் வடிவம் அப்படியே இருக்கும். கற்களுக்கிடையே வெளிச்சம் தெரியும், காற்றும் புகுந்து போகும். ஒரு கல்லை உருவினால் மேலேயுள்ளவை சரியும் என்பதால் கையை வைக்காமல் பாருங்கள். கல்லோ பவளமோ எடுத்துவருவது கூடவே கூடாது.

யாருக்காவது நோய் கண்டால் தீவில் வைத்தியசாலை இருக்கிறது. காற்று வலுத்துவிட்டால் இரவு தங்குவதற்கு இடம் கேட்டு வையுங்கள். ஒருவருக்கு ஒரு மாற்றுடை பையில் இருந்தால் அந்த முடிவை எடுப்பது எளிதாகும்.

திரும்புதல்

இரண்டு மணிக்குத் துறையில் நின்று கடலைப் பாருங்கள். அலை முகடுகளில் ஆங்காங்கே வெள்ளை தெரிந்தால் ஓட்டியிடம் கேளுங்கள். எங்கும் வெள்ளையாக இருந்தால் கேட்கவும் தேவையில்லை, பொதுப் படகில் ஏறுங்கள் அல்லது தங்குங்கள். போவதென்று முடிவானால், எரிபொருள் மட்டத்தைக் கண்ணால் பார்த்து, அங்கியைத் துறையிலேயே பூட்டிக்கொண்டு ஏறுங்கள். பிற்பகல் பயணத்தில் நனைவது உறுதி. காலையில் நனையாத பையும் இப்போது நனையும்.

குறிகட்டுவானில் கயிறு கட்டி முடியும்வரை யாரும் எழும்ப வேண்டாம். ஓட்டியும் இறங்கிய பின் காசைக் கொடுத்துவிட்டு, காலையில் யாரிடம் தாள் எழுதிக் கொடுத்தீர்களோ அவருக்கு உடனே அழைத்து, வந்து சேர்ந்ததைச் சொல்லுங்கள். தேநீர்க் கடைக்குப் போவது அதற்குப் பிறகு.